இப்னு நஃபீஸும் இதயத்தின் நடுச்சுவரும்

மீலாத் மேடைகளிலும் இஸ்லாமிய அறிவியல் வரலாறு பற்றிய சிறு பிரசுரங்களிலும் நாம் அடிக்கடி சந்திக்கும் கூற்று ஒன்றுண்டு. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி அல்லர். அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் (ரஹ்) அதனைக் கண்டறிந்து எழுதிவிட்டார் என்பது அது. கேட்பதற்கு இனிய இக்கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. இப்னு நஃபீஸ் சொல்லாத ஒன்றை அவர் மீது ஏற்றிப் புகழும்போது, அவர் மெய்யாகவே சொன்னது என்ன என்பது நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அவர் சொன்னதோ, அவருடைய காலத்தை எண்ணிப் பார்க்கையில், நாம் ஏற்றிச் சொல்வதைவிட வியப்புக்குரியது. ஆகவே அவர் எதைக் கண்டார், எவ்வழியாகக் கண்டார், எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்பதைச் சற்று நிதானமாகக் காண முற்படுவோம்.

அவர் மறுத்த கொள்கையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஜாலீனூஸ் என்று அரபு நூல்கள் அழைக்கும் கேலன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் பிறந்து ரோமாபுரியில் புகழ் பெற்ற கிரேக்க மருத்துவர். குரங்கு, பன்றி, எருது முதலிய பாலூட்டிகளை அறுத்து ஆராய்ந்த பேரறிஞர். தமனிகளில் காற்றே நிறைந்திருக்கிறது என்ற பழைய நம்பிக்கையை உடைத்து, அவற்றிலும் இரத்தமே உள்ளது என்று சோதனை செய்து நிறுவியவர் அவரே. இந்தச் சாதனையே அவருக்கு ஒரு சிக்கலையும் உண்டாக்கிற்று. அவருடைய கொள்கைப்படி, உண்ட உணவு இரைப்பையில் பக்குவப்பட்டு, ஈரலை அடைந்து அங்கே இரத்தமாகிறது. ஈரலிலிருந்து சிரைகள் வழியாக உடலெங்கும் சென்று, வாய்க்கால் நீர் வயலில் சுவறுவதுபோல உறுப்புகளில் சுவறிப் போகிறது. திரும்பி வருவதென்பதே இல்லை. நாள்தோறும் புது இரத்தம் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் சிரைகளில் உள்ள இரத்தம் தமனிகளுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது? இதயத்தின் வலப்பக்க அறைக்கும் இடப்பக்க அறைக்கும் நடுவே தடித்த தசைச்சுவர் ஒன்று நிற்கிறது. அச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தத்தின் ஒரு பகுதி கசிந்து இடப்பக்கம் சென்று, நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிராவியாக மாறுவதாகவும் கேலன் விடை கூறினார்.

அந்தத் துளைகளை எவரும் பார்த்ததில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவை இருப்பதாகவே மருத்துவ உலகம் நம்பியது. ஷைகுர் ரயீஸ் இப்னு சீனா தமது 'அல்-கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலில் இக்கொள்கையின் சாரத்தை ஏற்றுக்கொண்டார். போதாக்குறைக்கு, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, இதயத்தில் இரண்டன்று, மூன்று அறைகள் இருப்பதாகவும் எழுதினார். கானூனுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இருந்த மதிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை. அதில் ஒரு வரியை மறுப்பதற்கே துணிவு வேண்டும்.

இன்று நாம் அறிந்துள்ளவாறு பாலூட்டிகளின் இதயம் எப்படிப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம். மீனின் இதயத்தில் ஒரே கீழறை, தவளைக்கும் அப்படியே. பறவைகளிலும் பாலூட்டிகளிலும் நடுச்சுவர் முழுமையாக வளர்ந்து இதயத்தை இரண்டு தனி இயந்திரங்களாகப் பிரிக்கிறது. வல இயந்திரம் உடலெங்கும் சுற்றித் திரும்பிய, உயிர்வளி குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளைப் போர்த்திய தந்துகிகளில் இரத்தம் கரியமில வாயுவை விடுத்து, செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் வாயிலாக உயிர்வளியைப் பெற்றுக்கொண்டு, இதயத்தின் இடப்பக்கத்திற்கு வருகிறது. இட இயந்திரம் அதனை உடல் முழுதும் செலுத்துகிறது. நுரையீரல் அருகிலேயே இருப்பதால் வலக்கீழறைக்குப் பேராற்றல் தேவையில்லை, அது ஏற்படுத்தும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் பாதரசம், இடக்கீழறையினுடையதோ 120. ஆயினும் இரண்டும் ஒரே அளவு இரத்தத்தையே ஒரே நேரத்தில் செலுத்தியாக வேண்டும். ஓய்விலிருக்கும் மனிதரிடம் துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். உடலிலுள்ள மொத்த இரத்தமும் அவ்வளவே என்பதை நோக்கினால், ஒரு நிமிடத்தில் நம் குருதி முழுவதும் ஒருமுறை நுரையீரலைக் கடந்துவிடுகிறது எனலாம்.

கேலன் கற்பித்த துளை சில குழந்தைகளின் இதயத்தில் மெய்யாகவே இருக்கிறது. நடுச்சுவர் முழுமையாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள் அவர்கள். பிறவி இதயக் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. அழுத்தம் இடப்பக்கத்தில் மிகுதியாதலால், அத்துளை வழியே இரத்தம் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே பாய்கிறது. கேலன் சொன்ன திசைக்கு நேர் எதிர்த் திசை!

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-குரஷீ என்பது இப்னு நஃபீஸின் முழுப்பெயர். ஹிஜ்ரி 607ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1210 அளவில், திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் வட்டாரத்தில் பிறந்தவர். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய நூரீ பீமாரிஸ்தானைச் சார்ந்து மருத்துவம் பயின்றார் என்றும், 1230இல் மறைந்த அத்-தக்வார் என்னும் தலைமை மருத்துவர் அவருடைய ஆசிரியர் என்றும் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. பின்னர் கெய்ரோவில் குடியேறி, எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். பக்தாத் வீழ்ந்த 1258உம், ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் முறியடிக்கப்பட்ட 1260உம் அவர் வாழ்நாளுக்குள் வந்தவை. முஸ்லிம் உலகின் அறிவு மையம் பக்தாதிலிருந்து கெய்ரோவுக்கு இடம் பெயர்ந்த காலம் அது.

மருத்துவர் என்பது அவருடைய ஒரு முகம் மட்டுமே. கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்த ஆலிம் அவர். ஹதீஸ் கலையின் விதிகளைச் சுருக்கி ஒரு நூல் எழுதினார். நபி வாழ்வை மையமாகக் கொண்டு 'அர்-ரிஸாலா அல்-காமிலிய்யா' என்னும் கதை வடிவ நூலும் எழுதினார். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த தாஜுத்தீன் அஸ்-ஸுப்கீ அவருக்குத் தம் நூலில் இடமளித்திருக்கிறார். வியப்பு என்னவெனில், மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்தவரும் அவருடைய சமகாலத்தவருமான இப்னு அபீ உஸைபிஆவின் நூலில், பரவலாக அறியப்பட்ட பிரதிகளில், இப்னு நஃபீஸின் பெயர் இல்லை. காரணம் பற்றிப் பலர் பலவாறு ஊகித்துள்ளனர். நாம் அதில் இறங்க வேண்டாம்.

அவருடைய எழுத்து வேகத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, தாளும் மையும் எழுதுகோலும் வருவித்து, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு சிறு நூலை அங்கேயே எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலை நிறைவு செய்தாராம். 'அஷ்-ஷாமில்' என்ற பெயரில் முந்நூறு பாகங்களாக ஒரு மருத்துவக் களஞ்சியம் எழுதத் திட்டமிட்டு, எண்பது பாகங்களை எழுதி முடித்ததாகவும் கூறுவர்.

நம் பொருளுக்கு உரிய நூல் அதுவன்று. 'ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்', அதாவது இப்னு சீனாவின் கானூனில் உள்ள உடற்கூறு பற்றிய பகுதிகளுக்கு அவர் எழுதிய உரை. முப்பது வயதையொட்டிய இளமையில், 1242ஆம் ஆண்டளவில் எழுதியது. உரையாசிரியர் என்றால் மூலத்தை விளக்குபவர், மூலநூலாரைத் தாங்கிப் பிடிப்பவர் என்றே நாம் கருதுகிறோம். இப்னு நஃபீஸின் முன்னுரை வேறு ஒரு நெறியை வகுக்கிறது. ஷரீஅத்தின் தடையும் தம் உள்ளத்து இரக்கமும் உடலை அறுத்து ஆராய்வதைத் தடுப்பதால், உறுப்புகளின் வடிவைப் பொறுத்தவரை முன்னோரையே, சிறப்பாகக் கேலனையே, சார்ந்து நிற்பதாக அவர் தெரிவிக்கிறார். உறுப்புகளின் பயன், அவற்றின் செயற்பாடு என்று வரும்போதோ, முன்னோர் கருத்தோடு ஒத்துவந்தாலும் வராவிட்டாலும் தம் ஆராய்ச்சி காட்டும் வழியிலேயே செல்லப் போவதாக அறிவிக்கிறார். மூலத்தை மதித்தவாறே மூலநூலாரோடு முரண்படுவது ஃபிக்ஹ் நூலுரைகளில் பழகிய ஒருவருக்குப் புதிதன்று என்பது நம் கருத்து.

இதயத்தைப் பற்றிய இடத்தில் அவருடைய வாதம் இப்படி நகர்கிறது. இதயத்திற்கு அறைகள் இரண்டே. மூன்றாவது அறை என்பது பிழை. வல அறையில் இரத்தம் நுண்மையடைகிறது. இட அறையில் அது காற்றோடு கலந்து ரூஹ் பிறக்க வேண்டும். ஆகவே இரத்தம் வலத்திலிருந்து இடத்திற்குப் போயே ஆக வேண்டும். நடுச்சுவர் வழியாகவோ போக முடியாது. சிலர் எண்ணியது போலக் கண்ணுக்குத் தெரியும் துளையும் அங்கில்லை, கேலன் எண்ணியது போலத் தெரியாத துளையும் இல்லை. இதயத்தின் உடல் அவ்விடத்தில் தடித்து இறுகியிருக்கிறது. எனவே எஞ்சும் வழி ஒன்றே. நுண்மையடைந்த இரத்தம், அக்கால மருத்துவர் 'அல்-வரீத் அஷ்-ஷிர்யானீ' என்று அழைத்த குழாய் வழியாக நுரையீரலுக்குச் சென்று, அதன் உட்பொருளில் பரவி, காற்றோடு கலந்து, தூய்மையடைந்து, 'அஷ்-ஷிர்யான் அல்-வரீதீ' வழியாக இட அறையை அடைகிறது. முன்னதை நாம் இன்று நுரையீரல் தமனி என்றும் பின்னதை நுரையீரல் சிரை என்றும் கூறுகிறோம்.

இத்துடன் அவர் நிற்கவில்லை. முதற் குழாயின் சுவர் ஏன் தடித்தும் இரண்டாவதன் சுவர் ஏன் மெலிந்தும் இருக்கின்றன என்ற கேள்வியை எழுப்பிக்கொள்கிறார். தடித்த சுவர் வழியே மிக நுண்மையான பகுதி மட்டுமே கசிய வேண்டும். மெல்லிய சுவரோ கசிந்து வருவதை எளிதில் உள்வாங்க வேண்டும். இவ்விரண்டு குழாய்களுக்கும் இடையே திறப்புகள் இருக்கின்றன என்பது அவர் முடிவு. நுண்ணோக்கி என்ற கருவியை உலகம் காண்பதற்கு முன்னர் எழுதப்பட்டது இது. இதயத்தின் தசை, தன் அறையில் நிறைந்துள்ள இரத்தத்திலிருந்து உணவு பெறவில்லை. தன் உடலினுள் ஓடும் தனிக் குழாய்களாலேயே உணவு பெறுகிறது என்றும் அதே உரையில் இப்னு சீனாவை மறுக்கிறார். அந்தக் குழாய்கள் அடைபடுவதால் வரும் மாரடைப்பை இன்று அறியாதவர் இல்லை. நுரையீரல் வழி பற்றிய இக்கருத்தை அவர் போகிற போக்கில் ஒருமுறை சொல்லிச் செல்லவில்லை. நூலில் ஐந்து இடங்களில் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறார். தாம் சொல்வது இன்னதென்று தெரிந்தே சொன்னார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி அவர் சொல்லாதவை. உடலெங்கும் சென்ற இரத்தம் சிரைகள் வழியாக இதயத்திற்கே திரும்பி வருகிறது என்று அவர் எங்கும் கூறவில்லை. உணவிலிருந்து ஈரலில் இரத்தம் பிறப்பதாகவும் அது உறுப்புகளில் செலவழிவதாகவுமே அவரும் கருதினார். இரத்தம் நுரையீரலுக்குச் செல்வது ரூஹ் பிறப்பதற்காக. இங்கே ரூஹ் என்பது நாம் மார்க்க வழக்கில் அறிந்துள்ள ஆன்மா அன்று. இரத்தத்தின் நுண்பகுதியும் காற்றும் கலந்து உண்டாவதாக மருத்துவர்கள் கருதிய ஒரு மெல்லிய ஆவி. சுருங்கக் கூறின், அவர் கண்டது நுரையீரல் வழிச் சிற்றோட்டம். உடல் முழுவதையும் தழுவிய வட்ட ஓட்டம் ஹார்வி கண்டது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைத் துணிவுடன் இப்னு நஃபீஸுக்கு உரியது எனலாம். இரண்டாவதையும் அவருக்கே சேர்ப்பது, அவர் போற்றிய ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், இஸ்னாத் இல்லாத செய்தி.

அவர் இதயத்தை அறுத்துப் பார்த்தாரா என்ற வினா இன்னும் முடிந்தபாடில்லை. முன்னுரையில் இல்லை என்கிறார். உள்ளேயோ உடற்கூறு ஆய்வு இதனை மறுக்கிறது என்ற வகையில் வாதிடுகிறார். விலங்கின் இதயத்தையேனும் பார்த்திருக்க வேண்டும் என்பார் சிலர். நஹ்யான் ஃபேன்ஸி என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட நூலில் வேறு கோணத்தைக் காட்டினார்: ஆன்மா, ரூஹ், உடல் ஆகியவற்றின் தொடர்பு பற்றி இப்னு நஃபீஸ் கொண்டிருந்த கோட்பாடே அவரைக் கேலனின் துளைகளிலிருந்து விலக்கியது என்பது அவர் வாதம். நமக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. எனினும் கண்ணால் கண்டு கேலனைத் திருத்தும் மரபும் அக்காலத்து எகிப்தில் உயிரோடுதான் இருந்தது. 1200ஐ அடுத்த ஆண்டுகளில் எகிப்தைச் சூறையாடிய பஞ்சத்தில் மடிந்தோரின் எலும்புக் குவியல்களை ஆராய்ந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ, கீழ்த்தாடை கேலன் சொன்னதுபோல் இரண்டு எலும்புகளால் ஆனதன்று, ஒன்றே என்று நிறுவினார். அதற்கும் முன்னரே அர்-ராஸீ, கேலன் மீதான ஐயங்கள் என்ற பொருளில் தனி நூலே எழுதியிருந்தார்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆம் வசனம் பால் உருவாவதைப் பேசுகிறது. அதனைப் புரிந்துகொள்ள இரத்த ஓட்டம் பற்றிய அறிவு தேவை என்று பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் புகைல் 1976இல் எழுதியதிலிருந்து, அவ்வசனமே இரத்த ஓட்டத்தை அறிவித்துவிட்டது என்று பேசுவோர் பெருகினர். குர்ஆனை மனனம் செய்த சூழலில் வாழ்ந்து, ஃபிக்ஹும் ஹதீஸும் கற்பித்த இப்னு நஃபீஸ், நடுச்சுவர் பற்றிய தம் வாதத்தை எந்த இறைவசனத்தின் மீதும் நிறுத்தவில்லை. குழாயின் தடிப்பையும் சுவரின் இறுக்கத்தையும் கொண்டே நிறுவினார்.

இத்தகைய கண்டுபிடிப்பு ஏன் உறங்கிப் போயிற்று? அவருடைய நூல்களுள் பெரும் புகழ் பெற்றது 'மூஜஸுல் கானூன்' என்னும் சுருக்க நூல். மருத்துவ மாணவர்களுக்கு எளிதாகவும் நடைமுறைக்கு உகந்ததாகவும் அமைந்தமையால், அதற்கு உரைகள் பெருகின. அவற்றுள் 15ஆம் நூற்றாண்டில் நஃபீஸ் இப்னு இவள் அல்-கிர்மானீ எழுதியது இந்திய யூனானிக் கல்வியில் 'நஃபீஸீ' என்ற பெயரில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. ஆனால் மூஜஸில் உடற்கூற்றுப் பகுதியை அவர் சேர்க்கவில்லை! எல்லாரும் படித்த நூலில் அது இல்லை. அது இருந்த நூலைப் படித்தவர்களோ சிலர். ஆயினும் அடியோடு மறந்துபோயினர் என்பதும் தவறு. 14ஆம் நூற்றாண்டில் கானூனுக்கு உரை கண்ட சதீதுத்தீன் அல்-காஸரூனீ போன்றோர் இக்கருத்தை அறிந்து குறிப்பிட்டுள்ளனர்.

ஐரோப்பாவில் இதே கருத்து 16ஆம் நூற்றாண்டின் நடுவில் திடீரெனத் தலைகாட்டுகிறது. ஸ்பானியரான மிகேல் செர்வெட் 1553இல் வெளியிட்ட சமய நூலொன்றில் இரத்தம் நுரையீரல் வழியே செல்வதை எழுதினார்; திரியேகத்துவத்தை மறுத்ததற்காக அதே ஆண்டு அக்டோபர் 27இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். நூலும் எரிக்கப்பட்டது, எஞ்சிய பிரதிகள் மூன்றே. இத்தாலியரான ரியால்டோ கொலம்போவின் நூல் 1559இல் வந்தது. விலங்குகளை உயிருடன் அறுத்து, நுரையீரல் சிரையில் இரத்தமே இருப்பதைக் கண்டு அவர் இம்முடிவுக்கு வந்தார். இவர்களுக்கு இப்னு நஃபீஸின் கருத்து எட்டியிருக்குமா? டமாஸ்கஸில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்து அரபு கற்ற அந்திரேயா அல்பாகோ என்ற இத்தாலிய மருத்துவர், இப்னு நஃபீஸின் கானூன் உரையில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்தார். அது 1547இல் வெனிஸில் அச்சாயிற்று. காலப்பொருத்தம் ஆவலைத் தூண்டுகிறது. ஆனால் அச்சான பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது, நடுச்சுவர் பற்றியதன்று. வாய்மொழியாகச் செய்தி பரவியிருக்கலாம் என்பது ஊகமே. திருடினார்கள் என்று குற்றம் சாட்டுவதற்கு நம் கையில் சான்று இல்லை.

ஹார்வி படித்தது கொலம்போ பணியாற்றிய அதே படுவா நகரில். சிரைகளில் உள்ள தடுக்கிதழ்களைப் பற்றி 1603இல் நூல் வெளியிட்ட ஃபப்ரீசியஸ் அவருடைய ஆசிரியர். 1628இல் வெளிவந்த தம் நூலில் ஹார்வி கேட்ட கேள்வி எளிமையானது: எவ்வளவு? இதயம் அரை மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவே இரத்தம் வெளியேறுகிறது என்று கொண்டாலும், அரை மணியில் வெளியேறுவது உடலிலுள்ள மொத்த இரத்தத்தையே மிஞ்சிவிடும். உண்ணும் உணவு அவ்வளவு இரத்தத்தை ஒருபோதும் தர இயலாது. எனவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஈரலில் ஊறி உறுப்பில் சுவறும் கேலனின் வாய்க்கால் அன்றோடு வற்றிப்போயிற்று. கேலனிடமிருந்து இப்னு நஃபீஸ் அப்படியே விட்டுவைத்த பகுதி அதுவே. அளந்து பார்ப்பது என்ற எண்ணம் அவர் வாதத்தில் இல்லை. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாகக் கடக்கிறது என்பதை ஹார்வியாலும் காண முடியவில்லை. 1661இல் மார்செல்லோ மல்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார். இப்னு நஃபீஸ் திறப்புகள் இருந்தாக வேண்டும் என்று எழுதியதும் நுரையீரலில்தான்.

அவர் ஹிஜ்ரி 687 துல்கஅதா மாதம், கி.பி. 1288 டிசம்பரில் கெய்ரோவில் காலமானார். இறுதி நோயில் மருந்தாக மது அருந்துமாறு மருத்துவ நண்பர்கள் கூறியபோது, வயிற்றில் மதுவோடு இறைவனைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தம் இல்லத்தையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் அப்போது புதிதாகக் கட்டியிருந்த மன்ஸூரீ பீமாரிஸ்தானுக்கு வக்ஃப் செய்தார்.

அறுநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற முஹ்யித்தீன் அத்-ததாவீ என்ற எகிப்திய மருத்துவ மாணவர், பெர்லின் அரசு நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியில் அந்த வரிகளைக் கண்டார். அதன் மீது அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு 1924இல் ஏற்கப்பட்டது, ஆனால் அச்சேறவில்லை. கெய்ரோவில் கண் மருத்துவராகப் பணியாற்றிய மேக்ஸ் மேயர்ஹோஃப் என்ற யூத அறிஞர், வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, 1933இலும் 1935இலும் எழுதிய கட்டுரைகளே அதனை உலகறியச் செய்தன. 1242ஆம் ஆண்டு தேதியிட்ட மற்றொரு பிரதி பின்னர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அடையாளம் காணப்பட, நூல் எழுதப்பட்ட காலமும் உறுதியாயிற்று. அரபு மூலம் ஸல்மான் கதாயா, போல் கல்யூன்ஜீ ஆகிய இருவரின் பதிப்பாக 1988இல் கெய்ரோவில் அச்சாகி வெளிவந்தது.